நியூட்ரினோங்க ஓடிப்போன மத்தியானம்

நான்தான், உங்க சோடாபுட்டி. வயசு இருபத்திநாலு. பதட்டத்துல அறிமுகமெல்லாம் தானா வருது. சயின்ஸ் மியூசியத்துல கோட்டு மாட்டுற ரூம்ல உக்காந்திருக்கேன். தட்டிக்கிட்டிருக்கப் பொறுமையில்ல, அதான் நம்ம குடும்ப குரூப்புக்கு வாயாலயே டைப் பண்றேன். அம்மா, பயப்படாத.

இன்னிக்கு எனக்குப் பரீட்சை மாதிரி ஒரு ஷோ. ஸ்கூல் பிள்ளைங்களுக்கு நியூட்ரான் நட்சத்திரத்த, அதான் பெரிய நட்சத்திரம் வெடிச்சு மிஞ்சுற குட்டி உருண்டைய, புரிய வச்சா வேலை நிரந்தரம். இல்லன்னா மூட்டை கட்ட வேண்டியதுதான்.

வந்த வகுப்பையே ஹால் நடுவுல நெருக்கியடிச்சு நிக்க வச்சேன்.

"நீங்கதான் நட்சத்திரம். இப்பதான் பொறந்திருக்கீங்க, செம சூடு. எப்படி ஆறும்?"

"ஊதினா ஆறும்ண்ணா!"

"விண்வெளில யாருடா ஊதுவா? வெளிச்சம் மேல்தோல்லேர்ந்துதான் கிளம்பும், கொஞ்சமாத்தான் சூட்டக் கொண்டுபோகும். நியூட்ரினோன்னு ஒரு குட்டித் துகள் இருக்கு. அது நட்டநடு வயித்துலேர்ந்தே சூட்டத் தூக்கிக்கிட்டு வெளிய போயிடும். ரொம்பக் காலத்துக்கு அதாலதான் நட்சத்திரம் ஆறும். சரி, யாரு வெளிச்சம்?"

ஒரு கையும் மேல வரல.

"யாரு நியூட்ரினோ?"

எல்லாக் கையும் மேல. அத்தோட வாய மூடியிருக்கலாம். "நியூட்ரினோவுக்குச் சுவரும் ஒண்ணுதான், மனுஷனும் ஒண்ணுதான். எதுக்கும் நிக்காது. ஓடு!"ன்னுட்டேன்.

ஓடிட்டாங்க. டிக்கெட் கவுண்டர், கேண்டீன், வாசல்னு நேரா வெளிய. டீச்சர், "நில்லுங்கடா!"ன்னு கத்துறாங்க. "நியூட்ரினோ நிக்காது மிஸ்!"னு ஒரு வாண்டு பதில் சொல்லிக்கிட்டே பறக்குது. ஹால்ல நானும் ஒரு ஒத்தச் செருப்பும்தான் மிச்சம்.

அப்ப டைரக்டர் உள்ள வந்தாரு. சட்டையெல்லாம் காபி. அவர் கையப் பிடிச்சுக்கிட்டு அந்த வகுப்புப் பொண்ணு ஒண்ணு.

"இது என் மேல வந்து மோதிச்சு. என்னய்யா இதெல்லாம்?"

"நியூட்ரினோ சார். நிஜத்துலயும் எப்பவாவது ஒண்ணுதான் மோதும். அதப் பிடிக்கப் பெரிய பெரிய தொட்டி கட்டி வச்சிருக்காங்க."

அவர் குனிஞ்சு தன் வயித்தப் பாத்தாரு. "என்னைத் தொட்டிங்கிறியா?"

போச்சுடான்னு கண்ண மூடிக்கிட்டேன்.

அந்தப் பொண்ணுதான் பேசிச்சு. "அங்கிள், நட்சத்திரம் ஆறிடுச்சு பாருங்க!"

"சூடு எங்க போச்சு?"

"நாங்க தூக்கிட்டுப் போயிட்டோம்ல! வெளிச்சத்துக்குக் காத்திருந்தா சாயங்காலம் ஆயிருக்கும்."

டைரக்டர் சட்டையத் துடைச்சுக்கிட்டே யோசிச்சாரு. "புள்ளைக்குப் புரிஞ்சிருக்கு. வேலை உனக்குத்தான். ஆனா சனிக்கிழமை ஷோவுல ஒரு புள்ள வாசலத் தாண்டிச்சுன்னா நீயும் அது பின்னாலயே போயிடு."

எல்லாப் பிள்ளையும் கிடைச்சாச்சு. கடைசி ரெண்டு பேர டைனோசர் பொம்மைக்குள்ளேர்ந்து இழுத்தோம்.

அக்கா, நீதான் தினமும் குட்டிப் பிள்ளைங்களோட மல்லுக்கட்டுற டீச்சர். போன நியூட்ரினோ திரும்பி வர எந்தப் புத்தகத்துலயும் வழியில்ல. ஓடுற பிள்ளைங்கள நீ எப்படித் திரும்பக் கூப்பிடுவ? சனிக்கிழமைக்குள்ள சொல்லு.