எனக்கு இன்னும் வரல

ரிமோட்டின் அம்புக்குறியை ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தி, ராக்ஸி மறுபடியும் கடவுச்சொல்லை அடித்து முடித்தாள். திரை வெளுத்தது. நடுவில் ஒரு வட்டம் சுற்றியது. பிறகு, பதிவு செய்த கைபேசிக்கு ஓர் எண் அனுப்பியிருப்பதாகவும் அதை இங்கே தர வேண்டும் என்றும் கேட்டது. பதிவு செய்த கைபேசி அப்பாவுடையது.

அப்பா முன்னறையில், சோபா இருந்த இடத்தில் போட்டிருந்த மருத்துவக் கட்டிலில் கண்மூடிக் கிடந்தார். மூச்சு கரகரவென்று உள்ளே போய், அங்கே என்னவோ யோசித்துவிட்டு வெளியே வந்தது. ராக்ஸி மேசை இழுப்பறையிலிருந்து அவருடைய கைபேசியை எடுத்து வந்தாள். அதைத் திறக்க விரல் ரேகை வேண்டும். டிராக்டர் தொழிற்சாலையில் முப்பது வருடம் வெல்டிங் வேலை பார்த்ததில் அவருடைய கட்டைவிரலில் ரேகையே மிச்சமில்லை. அதனால் இடதுகைச் சுண்டுவிரலைத்தான் பதிந்து வைத்திருந்தார். சுண்டுவிரலால் போனைத் திறக்கிற ஒரே மனுஷன் இந்த வெஸ்ட் ஆலிஸ் ஊரில் நான்தான் என்று பெருமை வேறு.

போர்வைக்குள்ளிருந்து அந்தக் கையை எடுத்து, சுண்டுவிரலைக் கண்ணாடியில் வைத்து அழுத்தினாள். விரல் ஜில்லென்று இருந்தது. போன் திறந்துகொண்டது.

"இதெல்லாம் ஒரு பேஸ்பால் ஆட்டம் பாக்கறதுக்கா?" என்றாள் இமானி. வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ். காலில் காலணிக்கு மேல் நீல உறை மாட்டியிருந்தாள்.

"போன வருஷம் வரைக்கும் டிவிய போட்டா வந்துச்சு. வசந்த காலத்துல கேபிள்காரன் அந்தச் சேனலைத் தூக்கிட்டான். இப்ப செயலி, சந்தா, கடவுச்சொல், அப்பறம் இந்த நம்பர்."

"எனக்கு இந்த ஆட்டமே புரியாது. எல்லாரும் மைதானத்துல சும்மா நின்னு எச்சில் துப்பறாங்க."

"எங்கப்பா காதுல விழுந்துச்சு, உங்கள வீட்டை விட்டே அனுப்பிடுவாரு."

"விழும்" என்றாள் இமானி, சிரிக்காமல். "காது கடைசி வரைக்கும் கேக்கும்."

மத்தியானம் வந்ததுமே அவள் ராக்ஸியைச் சமையலறைக்குக் கூப்பிட்டுப் போய், இன்னிக்குத்தான்னு தோணுது, சாயங்காலம் தாண்டாது என்று சொல்லியிருந்தாள். ராக்ஸி தலையாட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வழக்கப்படி பேக்கரியில் வாங்கி வந்திருந்த ரொட்டியை நறுக்கி, வெண்ணெய் தடவி ஹாம் இறைச்சி வைத்தாள். இரண்டு பேருக்கு வைத்தாள். அப்புறம்தான் ஒன்றைத் திரும்ப எடுத்துத் தாளில் சுற்றினாள்.

அவளுக்கு அன்றைக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. அப்பாவும் கர்ட்டும் சேர்ந்து இன்னும் ஓர் ஆட்டம் பார்க்க வேண்டும்.

கர்ட் அவள் தம்பி. மாநிலத்தின் வடகோடியில், சுப்பீரியர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். அம்மா போனதிலிருந்து அவனும் அப்பாவும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் போனில் ஒன்று சேருவார்கள். பேசுவது குறைவு. போனை ஸ்பீக்கரில் போட்டு ரிமோட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்து ஒரே ஆட்டத்தைப் பார்ப்பார்கள். "ம்" என்பார் ஒருவர். "அதான்" என்பான் மற்றவன். மூன்று மணி நேரம் கழித்து "சரி, நாளைக்கு" என்று வைத்துவிடுவார்கள். ஒருத்தருக்கு உடம்பு சரியில்லையா, சம்பளம் ஏறியதா, பல் விழுந்ததா என்பதெல்லாம் விளம்பர இடைவேளைகளில் தெரியவரும்.

அப்பாவின் கேபிளில் சேனல் போனது. கர்ட்டின் ஊர்க் கேபிளில் போகவில்லை. அப்பாவுக்கு ராக்ஸி செயலியைப் போட்டுக் கொடுத்தாள். படம் முன்பைவிடப் பளிச்சென்று வந்தது. ஆனால் தாமதமாக வந்தது. கர்ட்டின் வீட்டில் பந்து பறந்து கூட்டத்துக்குள் விழுந்த பிறகும் அப்பாவின் வீட்டில் பந்து எறிகிற பிட்சர் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருப்பான். "போச்சு, போச்சு!" என்று கர்ட் கத்துவான். "வாய மூடுடா, எனக்கு இன்னும் வரல" என்பார் அப்பா. முதலில் இருவருக்கும் வேடிக்கையாகத்தான் இருந்தது.

மே மாதத்தில் ஒரு நாள், கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ், கடைசி ஆள், தோற்க வேண்டிய ஆட்டம். கர்ட் அடக்க முடியாமல் கத்திவிட்டான். அப்பா காத்திருந்தார். பந்து அவருடைய திரைக்கு வந்தது. வேலிக்கு மேலே போய் விழுகிறவரை பார்த்தார். பிறகு போனைப் பார்த்து, "அம்பது வயசாகுது. ஒரு நிமிஷம் வாய மூடத் தெரியல உனக்கு. சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அதற்கப்புறம் அவரும் கூப்பிடவில்லை, அவனும் கூப்பிடவில்லை. ஜூலையில் கணையத்தில் புற்று என்று தெரிந்தபோது கர்ட் ஒரு தடவை வந்தான். கூரைத் தகரக் குழாயைச் சுத்தம் செய்தான். நின்றபடியே காப்பி குடித்தான். போய்விட்டான்.

எண்ணைக் கொடுத்ததும் திரையில் பச்சைப் புல்வெளி வந்தது. தேசிய கீதம் பாடி முடித்துவிட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுத் தாழ்வாரத்தில் கெர்லாக்கின் ரேடியோ ஏற்கெனவே முதல் பந்தைப் பற்றி வர்ணித்துக்கொண்டிருந்தது. ரேடியோவுக்குத்தான் எல்லாம் முதலில் தெரியும். ராக்ஸி எழுந்துபோய் ஜன்னலை இழுத்துச் சாத்தினாள்.

காலையிலிருந்து அவள் மூன்று தடவை கூப்பிட்டும் கர்ட் எடுத்திருக்கவில்லை. இப்போது கையில் அப்பாவின் போன் திறந்திருந்தது. அதிலிருந்தே கூப்பிட்டாள்.

முதல் மணியிலேயே எடுத்தான்.

"அப்பா?" என்றான். உடனே, அவசரமாக, "நான் ஒண்ணும் சொல்லலப்பா. சொல்லவே மாட்டேன்."

ராக்ஸி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "நான்தான்" என்றாள்.

அந்தப் பக்கம் டிவியின் ஆரவாரம் கேட்டது. அவன் அதைக் குறைத்தான்.

"எப்படி இருக்காரு?"

"நர்ஸ் இருக்காங்க. இன்னிக்குத்தான்னு சொல்றாங்க."

"கிளம்பறேன். சாவி எங்க வச்சேன்... இப்பவே கிளம்பறேன்."

ராக்ஸி இமானியைப் பார்த்தாள். இமானி தலையை மெல்ல இடவலமாக ஆட்டினாள்.

"ஆறு மணி நேரம் ஆகும், கர்ட். நீ பாதி வழியில வாசாவ் ஊரத் தாண்டறதுக்குள்ள..." நிறுத்தினாள். "கிளம்பாத. உக்காரு. ஆட்டத்தப் பாரு."

"என்ன பேசற நீ?"

"அவருக்குக் காது கேக்குது. நீ ரோட்டுல இருந்தா கேக்காது. இங்க ஸ்பீக்கர்ல போடறேன்."

தான் தப்பாகச் சொல்கிறோமோ என்று ராக்ஸிக்கே தோன்றியது. ஏன் என்னை வரவிடவில்லை என்று நாளைக்கு அவன் கேட்பான், பத்து வருடம் கழித்தும் கேட்பான். அந்தப் பக்கம் நாற்காலி ஒன்று இழுபடும் ஓசை வந்தது.

"அவருக்கு முன்னாடி எனக்கு வந்துடுமே" என்றான் கர்ட், சின்னக் குரலில்.

"உன் கேபிள் பெட்டியில படத்த நிறுத்தி வைக்கற பட்டன் இருக்கில்ல?"

"இருக்கு."

"அப்ப நிறுத்து. எனக்கு அதே இடம் வந்ததும் சொல்றேன், ஓட விடு."

அவளுக்கே அப்போதுதான் அது தோன்றியது. கோடைக்காலம் முழுக்க இரண்டு ஆண்பிள்ளைகளுக்கும் தோன்றியிருக்கவில்லை.

"எங்க நிறுத்தட்டும்? எல்லாம் ஒரே மாதிரி நிக்கறானுங்க."

"அதைத்தான் நானும் சொன்னேன்" என்றாள் இமானி.

"யாரது?"

"நர்ஸ். நீ நிறுத்துடா."

"இரு, இரு. பந்து கூட்டத்துக்குள்ள போகுது. மஞ்ச சட்டை போட்ட குண்டு ஆளு ஒருத்தன் பிடிக்கப் போயி பீரெல்லாம் மேல கொட்டிக்கிட்டான். நிறுத்திட்டேன். கப்பு அந்தரத்துல நிக்குது."

ராக்ஸி திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இமானியும் பக்கத்தில் வந்து நின்றாள். பிட்சர் கையை இடுப்பில் துடைத்தான். அடிக்கிறவன் வெளியே போனான், உள்ளே வந்தான், மறுபடி வெளியே போனான். அப்பாவின் மூச்சு உள்ளே போய் வந்தது. அப்புறம் பந்து மட்டையின் ஓரத்தில் பட்டு மேலே எழும்பியது, கேமரா கூட்டத்துக்குள் தேடியது.

"மஞ்ச சட்டை!" என்று இமானி கத்தினாள்.

"இப்ப!" என்றாள் ராக்ஸி.

பீர் கோப்பை ஒரே சமயத்தில் இரண்டு ஊரில் விழுந்ததைப் போல, போனிலிருந்தும் டிவியிலிருந்தும் கூட்டத்தின் ஒரே சிரிப்பு வந்தது. அப்பாவின் தொண்டையில் ஏதோ அசைந்தது.

"ம்" என்றார்.

மூவருக்கும் கேட்டது. "அதான்" என்றான் கர்ட்.

ராக்ஸி போனைத் தலையணைமேல் அவருடைய காதுக்குப் பக்கத்தில் வைத்தாள். அப்படியே ஆட்டம் போயிற்று. நான்காவது இன்னிங்ஸில் இமானி ஒரு குச்சியின் முனையில் இருந்த பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அப்பாவின் உதட்டைத் தொட்டாள். உதடு இறுகிக்கொண்டது.

"வேண்டாம்கறாரு."

"தண்ணி வேண்டாம்கறாரு" என்றாள் ராக்ஸி. "ஆட்டம் நடக்கும்போது தண்ணி குடிச்சு நான் பாத்ததில்ல."

இமானி அவளை ஒரு பார்வை பார்த்தாள். போய்க் குளிர்பெட்டியைத் திறந்து ஒரு பீர் புட்டியைக் கொண்டு வந்து, கிளாஸில் கொஞ்சம் ஊற்றிப் பஞ்சை அதில் தோய்த்தாள். உதடு திறந்தது.

"என்ன நடக்குது அங்க?" என்றான் கர்ட்.

"அப்பா பீர் குடிக்கறாரு."

"எனக்கு இல்லாமயா?" புட்டி திறக்கும் ஓசை அந்தப் பக்கமும் கேட்டது. "அப்பா, இந்தப் பய கையுறைய இழுத்து இழுத்து விடறதுக்குள்ள நான் ஒரு கப்பலையே காலி பண்ணிடுவேன். இவனுக்கு இத்தன சம்பளம்."

விளம்பரங்களில் கர்ட் பேசினான். பாலத்தில் வேலை நடக்கிறது. முழங்காலுக்கு ஊசி போட்டுக்கொண்டான். ஏரியில் காற்று அதிகம். அப்பாவின் நீலப் படகு அவனுடைய கொட்டகையில்தான் இருக்கிறது, அடுத்த கோடைக்கு வண்ணம் அடிக்க வேண்டும். அடுத்த கோடை என்று சொன்னதும் நிறுத்தினான். நல்லவேளையாக ஆட்டம் திரும்பி வந்துவிட்டது.

எட்டாவது இன்னிங்ஸில் ஊர் அணி ஒரு ரன் பின்தங்கியிருந்தது. ராக்ஸி ஹாம் ரொட்டியில் பாதியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் மூச்சு உள்ளே போனது. யோசித்தது. வெளியே வந்தது. திரையில் ஒருவன் நான்கு பேஸில் இரண்டாவது பேஸுக்கு ஓடி, வயிறு தரையில் தேய விழுந்தான். அவன் எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டான். தோள், தொடை, தொப்பி. அதற்குள் அடுத்த மூச்சு வந்திருக்க வேண்டும் என்று ராக்ஸிக்குப் பட்டது.

இமானி எழுந்து வந்தாள். ஸ்டெதாஸ்கோப்பை அப்பாவின் மார்பில் வைத்து வெகுநேரம் குனிந்திருந்தாள். பிறகு நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ராக்ஸியைப் பார்த்தாள்.

"அப்பா, ரெண்டாவது பேஸ்ல ஆள் நிக்கறான் பாருப்பா" என்றான் கர்ட் தலையணையிலிருந்து.

இமானி போனைக் கண்ணால் காட்டி, சொல்லட்டுமா என்பதைப் போல் புருவத்தை உயர்த்தினாள். ராக்ஸி உதட்டின்மேல் விரலை வைத்தாள்.

பந்து வந்தது. மட்டையின் நடுவில் பட்டது. கர்ட்டும் கூட்டமும் அந்த அறையில் ஒரே நொடியில் கத்தினார்கள். ஓடியவன் கடைசி பேஸைத் தொட்டு ரன் எடுத்தான். ஆட்டம் சமன்.

"பாத்தியாப்பா? நான் முன்னாடி சொல்லல இல்ல? ராக்ஸி, சொல்லலல்ல?"

"இல்ல" என்றாள் ராக்ஸி. "நீ முன்னாடி சொல்லல."

விளம்பரம் வந்தது. ஏதோ லாரி மலைமேல் ஏறியது. இந்தத் தடவை கர்ட் எதுவும் பேசவில்லை. மத்தியானம் முழுக்க போனுக்குள் போய்க்கொண்டிருந்த அந்தக் கரகரப்பு இல்லாமல் அறை காலியாக இருந்தது. இரண்டு புறமும் அதே லாரியின் இசை மட்டும் கேட்டது.

"ராக்ஸி."

"ம்."

"சத்தம் கேக்கல."

அவள் கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தாள். "ஆட்டம் முடியட்டும், கர்ட்."

போனில் மூக்கை உறிஞ்சுகிற ஓசை கேட்டது. புட்டியை மேசைமேல் வைக்கும் ஓசை கேட்டது.

"சரி" என்றான். "இன்னும் ஒரு இன்னிங்ஸ் இருக்கு."

"இருக்கு."

இமானி அப்பாவின் கைகளைப் போர்வைக்கு மேல் எடுத்து வைத்தாள். இடது கையை வைக்கும்போது சுண்டுவிரல் மடங்கியிருந்தது, நீவி நேராக்கினாள். ராக்ஸி தலையணையிலிருந்து போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எதிரணி ஒன்பதாவதில் ரன் எடுக்காமல் போயிற்று. ஊர் அணி அடிக்க வந்தது. முதல் ஆள் அவுட். இரண்டாவது ஆள் அவுட்.

"இவன் அடிச்சுருவான்" என்றான் கர்ட், யாரிடம் என்றில்லாமல்.

மூன்றாவது ஆள் மட்டையை ஊன்றி நின்றான். பிட்சர் தொப்பியைக் கழற்றி, நெற்றியைத் துடைத்து, மாட்டிக்கொண்டான். அப்போது இமானி, உயிர் போன வீட்டில் அது வெளியேற வழிவிட்டு எப்போதும் செய்கிறபடி, ஓசைப்படாமல் நடந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

செப்டம்பர் மாதக் காற்று வந்தது. அதோடு பக்கத்து வீட்டுத் தாழ்வாரத்திலிருந்து ரேடியோவின் அலறலும், கெர்லாக் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து கை தட்டுவதும், தெருவில் எங்கோ ஒரு கார் விடாமல் ஹாரன் அடிப்பதும் வந்தன.

கர்ட்டின் காதில் விழாதபடி ராக்ஸி போனை உள்ளங்கையால் இறுக மூடிக்கொண்டாள்.

திரையில் பிட்சர் இன்னும் காலைத் தூக்கவில்லை.