எல்லாத்துக்கும் ஆவான்

"கோல்பி விட்லோ எறிந்த பந்து! எழுபது கஜம்!" என்று ஒலிபெருக்கி அலறியதும் நான் பெஞ்சின் மேலேயே ஏறி நின்றுவிட்டேன்.

"எறிஞ்சது ரெண்டு கஜம்டா! மிச்சத்த ஓடினது எம்புள்ள!"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். என் மடியில் இருந்த அவித்த வேர்க்கடலை அத்தனையும் முன்வரிசைக்காரர் தொப்பியில் கொட்டிவிட்டது. கொட்டட்டும். எல்லாரும்தானே பார்த்தார்கள்? பந்தை வாங்கிய கோல்பி, சாப்பாட்டு மேசையில் உப்பு டப்பாவை நகர்த்துகிற மாதிரி, பக்கவாட்டில் போன என் மகன் கெண்ட்ரெல் கையில் அதைப் போட்டான். அவ்வளவுதான் அவன் செய்தது. நாலு தடியன்களை ஏமாற்றி, ஒருத்தன் சட்டையைப் பிடித்து இழுத்ததையும் உதறிக்கொண்டு, எல்லைக் கோடு வரைக்கும் ஓடியது கெண்ட்ரெல். ஆனால் பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிற எங்கள் அமெரிக்கக் கால்பந்தில், அது காற்றில் ஒரு சாண் முன்னால் பறந்துவிட்டால்கூட, அதற்கப்புறம் ஓடின தூரம் முழுக்க எறிந்தவன் பேரில் ஏறிவிடும். என் மகனுக்கு 'பிடித்தான்' என்று எழுதுவார்கள், 'ஓடினான்' என்று எழுதமாட்டார்கள். காசு கொடுத்து ஆடவைக்கும் பெரிய அணிக்கு ஆள் பொறுக்க வருகிறவர்களோ, ஓடுகிறவனிடம் முதலில் கேட்பது எவ்வளவு ஓடினாய் என்றுதான். இந்தச் சட்டத்தை எவன் போட்டானோ, நாசமாய்ப் போக.

கீழ்வரிசையிலிருந்து கோல்பியின் அப்பா விட்லோ திரும்பிப் பார்த்தார். நெடுஞ்சாலையில் வண்டி விற்கும் கடை அவருடையது. கடைக்கு மேலே மகன் படத்தை வீட்டளவுக்கு வரைந்து மாட்டியிருக்கிறார்.

"மிஸ் வெர்னெல், ரெண்டும் நம்ம புள்ளைங்கதானே," என்றார் பல் தெரிய.

நம்ம புள்ளையாம்! பக்கத்தில் என் மகன் படத்தையும் மாட்டவேண்டியதுதானே?

இந்தக் கல்லூரிக்கு நாங்களாக வரவில்லை. பயிற்சியாளர் ஹாலிஸ் எங்கள் வீட்டுக்கே வந்து கேட்டார். நான் பொரித்த கெளுத்தி மீனை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார், பீச் பழப் பணியாரத்தை வழித்துத் தின்றார், அப்புறம் என் சோபாவில் சாய்ந்துகொண்டு, "பந்த அவன் கையில குடுத்துட்டு நாங்க ஒதுங்கிக்குவோம், மிஸ் வெர்னெல்," என்றார். அந்த ஒரு வாக்குக்காக இதைவிடப் பெரிய கல்லூரி ஒன்றை வேண்டாம் என்று சொன்னோம். முதல் வருடம் கொடுத்தார்கள், ஓடினான். அடுத்த வருடம் வேறு கல்லூரியிலிருந்து கோல்பி வந்தான். ஆட்டமே எறிகிற ஆட்டமாக மாறிவிட்டது. கெண்ட்ரெலைக் கோல்பிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். திடீரென்று ஓரத்துக்கு அனுப்பினார்கள். சில சமயம் எதிராளியை ஏமாற்ற வெறுமனே ஓடவிட்டார்கள். அவன் எங்கே போவான், ஓடுவானா, பிடிப்பானா, தடுப்பானா என்று தெரியாமல் எதிரணி திணறியது. தொலைக்காட்சிக்காரன் மைக்கை நீட்டும்போதெல்லாம் ஹாலிஸ் ஒரே வார்த்தைதான் சொல்வார்: "கெண்ட்ரெல் எல்லாத்துக்கும் ஆவான்."

பொய் சொல்லமாட்டேன், முதலில் எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. தேவாலயத்தில் சொன்னேன். நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடச் சமையலறையிலும் சொன்னேன். அங்கே சோளரொட்டி தட்டிக்கொண்டிருந்த ஒடெஸா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நம்மளையும் மேனேஜர் அப்படித்தாண்டி சொல்றான். எல்லாத்துக்கும் ஆவாங்கன்னு. அடுப்பும் நாமதான், கக்கூசும் நாமதான்."

அன்றிலிருந்து ஹாலிஸ் அந்த வார்த்தையைச் சொன்னாலே நான் தொலைக்காட்சியை அணைத்துவிடுவேன்.

எறிகிற ஆட்டத்தில் கெண்ட்ரெலுக்கு முதல் வேலை பிடிப்பது கிடையாது. கோல்பி மேல் பாய எவனாவது வருகிறானா என்று முதலில் பார்க்கவேண்டும். வந்தால் நடுவில் போய் முட்டியை மடக்கி, கையை விரித்து, அந்த இடியைத் தான் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒருத்தனும் வரவில்லை என்றால்தான் பந்துக்கு ஓடலாம். மூன்று வருடம் இதையே செய்து செய்து அது உடம்பில் ஊறிவிட்டது. நன்றி தெரிவிக்கும் நாள் விருந்துக்கு வீட்டுக்கு வந்தவன், வான்கோழி வாங்கப் போன கடை வாசலில் டக்கென்று நின்று உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் காலை எடுத்து வைத்தான்.

"என்னடா பாக்குற?"

"யாராவது வர்றாங்களான்னு."

"யாரு மேலடா?"

அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

மார்ச் மாதம் அந்த நாள் வந்தது. பெரிய அணிகளின் ஆட்கள் கையில் கடிகாரத்தோடு கல்லூரி மைதானத்துக்கே வந்து, படிப்பு முடிக்கிற பிள்ளைகளை ஓடவிட்டுப் பார்க்கும் நாள். கெண்ட்ரெலுக்கு இருந்தது அந்த ஒரு காலைதான். அதில் எவன் கண்ணிலும் படாவிட்டால், அதற்கப்புறம் அவனைத் தேடி ஒரு நாயும் வராது. குடும்பத்தாரை வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கவைத்தார்கள்.

"பந்தோட ஓடுறவங்க இந்தப் பக்கம்! பிடிக்கிறவங்க அந்தப் பக்கம்!" என்று ஒருத்தர் கத்தினார்.

பிள்ளைகள் பிரிந்து போனார்கள். என் மகன் ஓடுகிறவர்கள் பக்கம் போனான். சாம்பல் தொப்பி போட்ட ஒரு ஆள் அவனை மேலும் கீழும் பார்த்தார். "நீ ஓடினதே கம்மிதானேப்பா? அந்தப் பக்கம் போ," என்றார். அந்தப் பக்கம் போனான். அங்கே இருந்தவர், "நீ நீளமா ஓடிப் பிடிச்சு நான் பாத்ததில்லையே?" என்றார். கெண்ட்ரெல் இரண்டுக்கும் நடுவில் புல்லில் நின்றான். இடுப்பில் கையை வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான்.

அதற்கும் ஹாலிஸ்தான் வழி சொன்னார்.

"கெண்ட்ரெல், முதல்ல கோல்பிக்குப் பிடி. காத்து எழும்புறதுக்குள்ள அவன் எறிஞ்சு முடிச்சிரணும். உன் ஓட்டத்த அப்புறம் பாத்துக்கலாம்."

கோல்பியும் ஓடி வந்தான். "வாடா கென். பிரைஸுக்குத் தொடை பிடிச்சுக்கிச்சு. பிடிக்க ஆள் பத்தல."

நான் வேலியை உலுக்கினேன். "வேணாம்டா! உன் காலுக்கு வேலை இருக்கு! முதல்ல நீ ஓடு!"

அவன் வேலியோரம் வந்தான். "ஆள் இல்லம்மா."

"இல்லன்னா அவன் அப்பன் வந்து பிடிக்கட்டும்!"

"எல்லாரும் பாக்குறாங்கம்மா. கத்தாத."

போய்விட்டான். கோல்பி எறிந்தான், இவன் பிடித்தான். குட்டையாக, நீளமாக, இடது ஓரம், வலது ஓரம் என்று வெயில் ஏறும்வரை என் மகனை ஓட்டினார்கள். ஒன்றைக்கூட அவன் கீழே விடவில்லை. ஆனால் நான் ஒன்றைக் கவனித்தேன். ஒவ்வொரு தடவையும் கிளம்புவதற்கு முன்னால் அவன் அரைக் கணம் நின்றான், உட்பக்கம் பார்த்தான், அப்புறம்தான் ஓடினான். எதிரே எதிரணி கிடையாது. வெறும் புல். கோல்பி மேல் பாய அந்த மைதானத்தில் ஒரு காக்கா குருவி இல்லை. ஐயோ மகனே, யாரும் வரலடா, ஓடுடா என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன்.

சாம்பல் தொப்பி வேலிப் பக்கம் ஒதுங்கி நின்று பக்கத்து ஆளிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

"இவன் யாரத் தேடுறான்?"

"தெரியல. கிளம்புறதே லேட்டு. எறியிறவனப் பாரு, அதுக்கும் பொறுத்து எறியிறான். நல்ல நிதானம்."

நிதானம்! என் மகன் நின்ற அரைக் கணமும் கோல்பி கணக்கில் ஏறிவிட்டது.

கோல்பி முடித்ததும் கடிகாரக்காரர்களில் பாதிப் பேர் அவன் பின்னாலேயே கட்டடத்துக்குள் போய்விட்டார்கள். மீதி இருந்தவர்கள் கெண்ட்ரெலை ஓடச் சொன்னார்கள். அவன் கால் எப்போதோ செத்துவிட்டது. பாதித் தூரத்திலேயே தோள் இறங்கியது எனக்குத் தெரிந்தது. கோட்டைத் தாண்டி முட்டியில் கை ஊன்றிக் குனிந்து நின்றவனிடம், சாம்பல் தொப்பி கடிகாரத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டே, "உனக்குக் கை நல்லா இருக்குப்பா," என்றார். ஓடிவிட்டு வந்தவனிடம் கையைப் பற்றிச் சொன்னார். அதற்கப்புறம் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட யாரும் வரவில்லை.

வண்டி நிறுத்துமிடத்தில் அவன் பையை நான்தான் தூக்கிக்கொண்டேன். அப்போதுதான் விட்லோ வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. மகனைத் தேடி மூன்று அணிக்காரர்கள் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள் அல்லவா?

"கெண்ட்ரெல்! கலக்கிட்டப்பா! நீ இல்லன்னா கோல்பி இன்னைக்கு யாருக்கு எறிஞ்சிருப்பான்?" என்று அவன் முதுகைத் தட்டினார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "மிஸ் வெர்னெல், கவலைப்படாதீங்க. படிப்பு முடிஞ்சதும் நம்ம கடைக்கு அனுப்பிவைங்க. வண்டி கழுவுறது, கொண்டுபோய் விடுறது, வர்றவங்களுக்குக் காட்டுறது எல்லாம் இருக்கு. எனக்கு இவன மாதிரிதான் வேணும். எல்லாத்துக்கும் ஆவான்."

பை என் கையிலிருந்து நழுவியது. அந்த ஆள் நல்ல மனதோடுதான் சொன்னார் என்று எனக்குத் தெரியும். அதுதான் என்னைக் கொன்றது. அந்தச் சட்டைக் காலரைப் பிடித்துவிடுவது என்றே நான் பாய்ந்தேன்.

பாய்ந்த இடத்தில் கெண்ட்ரெல் நின்றான்.

அவன் எப்போது வந்தான் என்று நான் பார்க்கவில்லை. எனக்கும் விட்லோவுக்கும் நடுவில், முட்டியை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, என் முழு வேகத்தையும் நெஞ்சில் வாங்கிக்கொண்டான். விரித்த இரண்டு கைகளும் என் தோள்மேல் பதிந்திருந்தன. அவன் ஒரு அங்குலம் நகரவில்லை.

"போங்க சார்," என்றான் என் முகத்தைப் பார்த்தபடியே, பின்னால் நின்றவரிடம். "நீங்க போங்க. நான் பாத்துக்கறேன்."