கொளஞ்சியின் கேஸ் வண்டி

திண்டிவனம் ஸ்டாண்டுல பன்னெண்டு வருசமா பிக்கப் ஓட்டறவன் நான். கொளஞ்சி கேஸ் பிக்கப் வாங்கி மூணு மாசந்தான் ஆவுது. ஆனா கல்வராயன் மலைக்குக் கேரவன் இழுத்துக்கினு போற வாடகை அவனுக்குத்தான் கிடைச்சுது. அந்தக் கேரவனுக்குள்ள படுக்கை, சமையல் மேடைன்னு ஒரு வீடே இருக்குது. கேரவன் ஓனரு அவன் தோளு மேல கை போட்டுக்கினு போட்டோ வேற எடுத்தாரு. எனக்கு வயிறு பத்திக்கினு எரிஞ்சுது.

பதினோரு மணிக்குக் கொளஞ்சி போன் பண்ணான்.

"சிங்காரம்ணே, மூணாவது வளைவுலயே வண்டி இழுக்க மாட்டேங்குது. பேஜாராப் போச்சு. என்னாண்ணே பண்றது?"

மேட்டுல கேஸுக்கு இழுவை பத்தாது. அவன் வண்டி பெட்ரோல்லயும் ஓடும், சுவிட்சைத் தட்டி மாத்தினா ஏறிடும். அது அவனுக்குத் தெரியல. எனக்குத் தெரியும், சொல்லத்தான் மனசு வரல.

"பெட்ரோலுக்கு மட்டும் மாத்திடாத, இஞ்சின் போயிடும். கேஸ்லயே ஓட்டு"ன்னேன்.

நடு மேட்டுல நின்னு முழிக்கட்டும், அடுத்த தடவை ஓனரு என்னைத்தான் கூப்புடுவாருன்னு கணக்குப் போட்டேன்.

ஒரு மணிக்கு மறுபடியும் போன்.

"மேல வந்துட்டேண்ணே! நீங்க சொன்ன மாதிரியே கேஸ்லயே, ஃபர்ஸ்ட் கியர்ல உருட்டி உருட்டி ஏத்திட்டேன். இனிமே மாசாமாசம் என்னையே வரச் சொல்லிட்டாரு ஓனரு. எல்லாம் உங்களாலதாண்ணே!"

பாருங்க, நான் சொல்ற பொய்கூட அவனுக்குத்தான் உழைக்குது.