என் பெயரின் கடைசி எழுத்து

என் பெயர் ஷுரூக். தலைநகர் அம்மானுக்குப் படிக்க வந்த முதல் வாரத்திலேயே அதன் கடைசி எழுத்தைப் பறிகொடுத்துவிட்டேன்.

ரம்தா பக்கத்து எங்கள் கிராமத்து அரபியில் 'க' என்று அழுத்திச் சொல்வதை நகரத்துப் பெண்கள் தொண்டையிலேயே நிறுத்தி விழுங்கிவிடுவார்கள். விடுதியில் என் அறைத்தோழி லயான் என்னை "ஷுரூ" என்றுதான் கூப்பிட்டாள். அதில் கெட்ட எண்ணம் இல்லை. அவள் வாய்க்கு அப்படித்தான் வந்தது. கெட்ட எண்ணத்தைக் கேண்டீனில் பார்த்தேன். "ஒரு கஹ்வே குடுங்க" என்று காபி கேட்டதும் வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற இரண்டு பெண்கள் சிரித்தார்கள்.

"ஆட்டை வெளியவே கட்டிட்டு வந்தியாம்மா?" என்றாள் ஒருத்தி.

"நான் யாரோ மீசை வச்ச ஆளுன்னு நெனச்சேன்டி" என்றாள் மற்றவள்.

மறுநாள் "அஹ்வே" என்று கேட்டேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ரமலான் வருவதற்குள் என் பேச்சில் அந்த எழுத்து ஓர் இடத்திலும் இல்லை.

என் அண்ணன் பர்ஜஸ் அதே பல்கலைக்கழகத்தில் பொறியியல் மூன்றாம் ஆண்டு. அவனும் அதே அம்மாவிடம் பேசக் கற்றவன்தான். ஆனால் அவன் 'க' சொன்னால் யாரும் சிரிக்கவில்லை, பின்னால் ஒரு கூட்டமே சுற்றியது. அந்தக் கூட்டத்தில் ஃபாதி என்று ஒருவன், அம்மானிலேயே பிறந்து வளர்ந்தவன். தன் அம்மாவோடு போனில் பேசும்போது எழுத்தை விழுங்கி விழுங்கிக் குழைவான். போனை வைத்ததும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எங்கள் ஊர்க்காரன் மாதிரி 'க'வைப் போட்டு இடிப்பான்.

"ஏன் மாத்திப் பேசறீங்க?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

அவன் கூச்சப்பட்டான். "பசங்க நடுவுல அப்படிப் பேசினா, பொம்பளை மாதிரி பேசறான்னு ஓட்டிடுவாங்க."

ஒரு வியாழக்கிழமை ஊருக்குப் போகும் பஸ்ஸில் லயானோடு போனில் நகரப் பேச்சு பேசிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த பர்ஜஸின் முகம் கடுகடுவென்று ஆனது.

"நாக்கு சுளுக்கிக்கிச்சா? வீட்ல இப்படிப் பேசிப் பாரு, அப்பா படிப்பையே நிறுத்திருவாரு."

"அங்க நம்ம மாதிரி பேசினா சிரிக்கறாங்க பர்ஜஸ்."

"என்னைப் பாத்து யாரும் சிரிக்கலையே."

அது உண்மைதான்.

வசந்தத்தில் மாணவர் மன்றத் தேர்தல் வந்தது. பர்ஜஸ் நின்றான். பையன்கள் ஓட்டு அவன் பக்கம், பெண்கள் ஓட்டுதான் இழுபறி. பெண்களுக்கென்று தனிக் கூட்டம் ஒன்றை ஏற்பாடு செய்துவிட்டு என்னிடம் வந்தான்.

"நீதான் எனக்காகப் பேசணும். ஆனா அவங்க மாதிரி பேசு. மெல்லிசா, நாகரிகமா. அந்தப் பட்டிக்காட்டு வாய் வேணாம்."

"பஸ்ல இதுக்குத்தானே திட்டின?"

"அது வேற, இது வேற. இது ஓட்டு."

அவன் எழுதிக் கொடுத்த தாளை வாங்கிக்கொண்டேன்.

அரங்கில் இருநூறு பெண்களாவது இருப்பார்கள். ஒலிபெருக்கி முன்னால் போய் நின்று ஸலாம் சொன்னேன். அடுத்து என் பெயரைச் சொல்ல வேண்டும். வாய் பழக்கத்தில் விழுங்கப் போனது. நிறுத்தினேன்.

"என் பேரு ஷுரூக்" என்றேன். கடைசி எழுத்து அரங்கத்துச் சுவரில் மோதித் திரும்பி வந்தது.

மூன்றாவது வரிசையில் யாரோ சிரித்தார்கள். தாளை மடித்துப் பையில் வைத்தேன்.

"சிரிங்க. கேண்டீன்லயும் இப்படித்தான் சிரிச்சீங்க. பயந்துபோய் நானும் மாறினேன். இந்த எழுத்தை என் அண்ணன் சொன்னா வீரம், நான் சொன்னா ஆடு மேய்க்கிறவ. ஒரே வீடு, ஒரே அம்மா. இன்னைக்கு இதை முழுங்கிப் பேசு, ஓட்டு விழும்னு என்னை அனுப்பினது அவன்தான். வீட்ல முழுங்கினா படிப்பு போயிரும்னு மிரட்டினதும் அவன்தான். ஓட்டுப் போடறது, போடாதது உங்க இஷ்டம். என் வாயை நான் யாருக்கும் வாடகைக்கு விடல."

கை தட்டியவர்கள் கொஞ்சம் பேர்தான். பலர் முகத்தைச் சுளித்தார்கள். முதுகு வளையாமல் இறங்கி வந்தேன். வாசலில் என் வகுப்பு ஹனாதி கையைப் பிடித்தாள். நுனிநாக்கு நகரப் பேச்சுக்காரி என்று நான் எண்ணியிருந்தவள். எங்கள் பக்கத்து ஊரான மஃப்ரக்கின் அச்சு அசல் பேச்சில் காதருகே சொன்னாள்:

"இத்தனை மாசமா உன் பக்கத்து இருக்கையிலதான் உக்காந்திருக்கேன். நீயும் நம்ம பக்கத்துக்காரின்னு தெரியாமப் போச்சே."

பர்ஜஸ் பத்தொன்பது ஓட்டில் தோற்றான்.

"என் மானத்தை வாங்கிட்ட" என்றான்.

"ஒரு பொய்யாவது சொன்னேனா?"

அதற்குப் பிறகு இரண்டு வாரம் பஸ்ஸில் அவன் என் பக்கத்தில் உட்காரவில்லை.

அதன்பிறகு நான் ஊர்ப் பேச்சு மட்டும்தான் பேசுவேன் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஹனாதிகூட. எனக்கு அது சரிப்படவில்லை. லயானோடு அரட்டை அடித்து நாக்கில் ஒட்டிக்கொண்ட சொற்களும் இப்போது என்னுடையவைதான்.

ஒரு வெள்ளிக்கிழமை மன்சஃப் என்ற ஆட்டுக்கறிச் சோற்றைச் சாப்பிட்டு முடித்து வீடே கூடத்தில் உட்கார்ந்திருந்தது. சித்தப்பா முன்னால் பழத்தட்டு.

"அந்த புர்தானை இப்படித் தள்ளுங்க சித்தப்பா" என்றேன். ஆரஞ்சை எங்கள் ஊரில் புர்தகால் என்போம்; புர்தான் என்பது 'க'வை விழுங்கிய நகரத்துச் சொல்.

"அடேங்கப்பா, அம்மான் மேடம் வந்திருக்காங்க" என்றார் சித்தப்பா.

"பாத்தீங்களாப்பா?" என்றான் பர்ஜஸ், இதற்காகவே காத்திருந்தவன் போல.

அப்பா என்னைப் பார்த்தார். "ஒழுங்காப் பேசு."

"ஒழுங்காத்தான்பா பேசறேன். அங்க 'க' சொன்னா சிரிக்கறாங்க, இங்க விட்டா திட்டறீங்க. ரெண்டு பக்கத்துக்கும் பிடிக்கிற மாதிரின்னா நான் ஊமையாத்தான் இருக்கணும். அது என்னால முடியாது. சித்தப்பா, புர்தான்."

யாரும் தட்டைத் தொடவில்லை. அப்பா தொண்டையைக் கனைத்தார். நானே எழுந்து, பர்ஜஸின் முழங்காலைத் தாண்டிக் கை நீட்டி ஒரு பழத்தை எடுத்து, வந்து உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தேன். அம்மா தோல் போட ஒரு வெறும் தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.