மஞ்சள் நூல் போட்ட கெளுத்திகள்

ஆற்றில் எத்தனை கெளுத்தி இருக்கிறது என்று கணவர் ரொனால்டு எண்ணக் கிளம்பியபோது மரியசெல்விக்குச் சிரிப்புதான் வந்தது. ஓடுகிற தண்ணீருக்குள் கிடப்பதை எப்படி எண்ணுவது? அவர் அடுக்களைக்குப் போய், ஒரு பிடி அரிசியில் மஞ்சளைத் தடவி அரிசிப் பானையில் போட்டுக் கிளறினார். பிறகு ஒரு கை அள்ளிக் காட்டினார்.

"இதுல மஞ்சள் நெறைய வந்தா, பானையில அரிசி கொஞ்சந்தான். மஞ்சளே அம்புடலைன்னா அரிசி ஏகப்பட்டது. அம்புட்டுத்தான்."

அன்றைக்கு அவர்கள் வீட்டில் மஞ்சள் சோறு.

அப்படித்தான் அந்தக் கோடையில் அணைப்பட்டிக்கு மேலே வைகையில் தானே வலை போட்டு, பிடித்த நூற்றுக்கணக்கான கெளுத்திகளின் முதுகுத் துடுப்பில் மஞ்சள் பிளாஸ்டிக் நூல் கோத்து ஆற்றிலேயே விட்டார். கெளுத்தி அற்றுப்போகிறது, முட்டையிடும் மழை மாதங்களில் வலையை நிறுத்த வேண்டும் என்பது அவருடைய நம்பிக்கை. மீன்துறை அதிகாரி ஆனந்த்ராஜ் எண்ணிக்கை கேட்டிருந்தார். நூல் கோக்கும் வேலை முடிந்த வாரமே ரொனால்டுக்கு நெஞ்சுவலி வந்தது. மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

மரியசெல்வி திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துபவள். மிச்ச வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். ஆவணி முழுக்க மீன் எடை போடும் கொட்டகையில் நின்று, வந்து இறங்கிய கெளுத்திகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். மஞ்சள் நூலோடு வந்தவை மூன்றே மூன்று.

"அப்ப மீன் தாராளமா இருக்கு மேடம்," என்றார் ஆனந்த்ராஜ் தொலைபேசியில். "சார் வீணாக் கவலைப்பட்டுட்டார். மழைக்காலத்துலயும் வலை போட்டுக்கட்டும்னு எழுதிரலாமா?"

"ஒரு வாரம் பொறுங்க சார்."

ரொனால்டு கடைசிவரை தப்பாகவா நினைத்துக்கொண்டிருந்தார்? கொட்டகைக்கு வந்த மீன்களோ வர வரச் சிறுத்துக்கொண்டே போயின. அப்படியானால் மஞ்சள் நூல்கள் எங்கே போயின? நூல் இற்றுப்போகிறதோ என்று சந்தேகப்பட்டு, உயிரோடு ஒரு கெளுத்தியை வாங்கி, தானே நூல் கோத்து வீட்டுத் தண்ணீர்த்தொட்டியில் விட்டுப் பார்த்தாள். நூலுக்கு ஒன்றும் ஆகவில்லை. மீன்தான் தொட்டிப் பாசியை எல்லாம் கலக்கி வைத்தது. கொட்டகையில் நின்று பயனில்லை என்று, விடிந்ததும் ஆற்றங்கரைக்கே போனாள்.

மீனவர் முனியப்பனின் பரிசல் அப்போதுதான் கரை சேர்ந்திருந்தது. அவர் மனைவி சோலையம்மாள் வலையிலிருந்து மீனைக் கழற்றிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு மீனைத் தூக்கியவள் சட்டென்று நின்றாள். அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் இறங்கி மெல்ல விட்டாள். மீன் திரும்பும்போது மஞ்சளாக ஏதோ மின்னியது.

"அக்கா! என்ன செய்றீங்க?"

"நேந்துவிட்ட மீனு டீச்சர். பழனிக்கு நடக்குற சனம் விட்டதா இருக்கும். மஞ்சக் கயிறு கட்டுனதைக் கொழம்பு வச்சுத் தின்னா நாங்க வெளங்கவா?"

"எல்லாரும் விடுறாங்களா?"

"வெவரம் தெரியாத ஒண்ணு ரெண்டு பேரைத் தவிர எல்லாருந்தான். இவரு கும்பிட்டுக்கிட்டே விடுறேன்னு ஒருநா பரிசலையே கவுத்துட்டாரு."

"அடியே, அது காத்து," என்றார் முனியப்பன்.

மரியசெல்விக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "அந்த நூலைக் கட்டுனது என் வீட்டுக்காரர்," என்றாள்.

"சாரா? அவுக வேதக்காரகல்ல? சர்ச்சுக்குப் போறவுக எதுக்குப் பழனிக்கு நேந்துக்கிட்டாக?"

அவள் விளக்கிச் சொன்னாள். சொல்லாமலே இருந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்ததும் உண்மை. நூல் இருக்கும்வரை அந்த மீன்களாவது பிழைத்துக் கிடக்குமே. ஆனால் எண்ணிக்கை பொய்யாகிவிடும்.

"எப்பவும்போல விட்டுருங்கண்ணே. ஆனா ஒவ்வொண்ணு வரும்போதும் எனக்குப் போன் பண்ணுங்க." மிச்சத்தையும் மறைக்காமல் சொன்னாள். "மஞ்சள் நெறைய வந்தா ஆத்துல மீன் கொறச்சல்னு அர்த்தம். அப்ப ஐப்பசி, கார்த்திகையில வலை போடக் கூடாதும்பாங்க."

"நாங்களே கூப்பிட்டுச் சொல்லி, நாங்களே வலையைச் சுருட்டி வச்சுக்கிறதா? நல்லா இருக்கே!" என்றார் முனியப்பன்.

"சொல்லலைன்னா?" என்று சோலையம்மாள் கேட்டாள்.

"வலை போடலாம்க்கா. இன்னும் எத்தனை வருசத்துக்கு அம்புடும்னுதான் தெரியலை."

சோலையம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். மறுநாள் ஒரு அழைப்பும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஆனந்த்ராஜ் கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தபடி கல்லூரிப் பேருந்துக்கு நின்றபோது முனியப்பன் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"டீச்சர், ஒண்ணு வந்துருக்கு. வயித்துல முட்டை. விட்டுட்டேன். மத்தவனுக வாயே தெறக்க மாட்டானுக. நான் ஒருத்தன் சொன்னா ஆபீசுல நம்புவாகளா? நீங்களே வந்து பரிசல்ல உக்காருங்க."

அந்த வாரம் விடுப்புப் போட்டுவிட்டு அவள் பரிசலில் உட்கார்ந்தாள். நூல்கள் வந்தன. ஒவ்வொரு நூலுக்கும் அவள் கணக்கில் வைகை காலியாகிக்கொண்டே போனது. ரொனால்டு சொன்னதுதான் சரி. தப்பாக இருந்திருக்கலாமே என்று அவளுக்குத் தோன்றியது.

ஐப்பசி பிறக்குமுன் தடை உத்தரவு வந்தது. அவளே போய்ச் சொன்னாள். முனியப்பன் வலையை உதறி மடிக்க ஆரம்பித்தார்.

"சாரு இருந்திருந்தா இன்னைக்கு அவுகளோட பெரிய சண்டை போட்டுருப்பேன்."

"என்கிட்ட போடுங்கண்ணே."

"உங்ககிட்டயா?" என்றவர் வலையின் மறுமுனையை அவள் பக்கம் நீட்டினார். "மொதல்ல இதைப் புடிங்க. தனியா மடிச்சா சிக்கிக்கிரும்."