பெயரில்லாத சாம்பல் கம்பம்

...இல்லை, இப்படிச் செங்குத்தாக விழ வாய்ப்பே இல்லை, பதினெட்டாம் எண் பேருந்தில் ஆள் குறைந்திருக்கலாம், யார் இல்லையென்றது, ஆனால் பிப்ரவரி வரை மேலாகவே ஓடிய கோடு மார்ச்சில் தடாலென்று கீழே போக ஊரே மூட்டை கட்டிக்கொண்டா கிளம்பிவிட்டது, ஸோர்னித்சா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையோடு ஒட்டிக்கொண்டாள். பதினோரு மணிக்குக் கூட்டம். பேருந்துக் கழக இயக்குநர் பெத்கோவ் இந்த ஒரு வரைபடத்தைப் பார்த்துத்தான் பதினெட்டை நிறுத்துவதா ஓட்டுவதா என்று சொல்லப்போகிறார். வரைந்தவன் யாவோர், எதிர் மேசைக்காரன், வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. காலையில் வந்ததும் வராததுமாகச் சாக்லேட் டப்பாவை நீட்டினான், "ரெண்டா எடுத்துக்கோங்க அக்கா" என்று. ஏன்? வீட்டில் நல்லது நடந்தவன்தான் ஆபீசில் டப்பா நீட்டுவான், செடி மரப் பெயர்க்காரர்கள் கொண்டாடும் பெயர்த் திருநாள் குருத்தோலை ஞாயிறோடு முடிந்தது, பிறந்தநாள் நவம்பரில், அப்புறம் என்ன நல்லது? பதவி உயர்வா? பதினெட்டைக் காவு கொடுத்து வாங்கிய உயர்வா? சாக்லேட் இரண்டும் பிரிக்காமல் விசைப்பலகைக்குப் பக்கத்தில் கிடக்கின்றன.

செங்குத்து அச்சைப் பார்த்தாள், அடடா, பூஜ்யத்தில் தொடங்கவில்லை, நாலாயிரத்தில் தொடங்குகிறது... கீழே இருப்பதை வெட்டிவிட்டால் சின்னச் சரிவும் பாதாளமாகத் தெரியும், இது தெரியாத பிள்ளையா அவன்? பூஜ்யத்துக்கு இழுத்துவிட்டாள். சரிவு கொஞ்சம் சாய்ந்தது, ஆனால் போகவில்லை. திரையின் மேலே மாத்திரை வடிவில் நீலப் பட்டைகளும் பச்சைப் பட்டைகளும் வரிசையாக நிற்கின்றன, எதால் பிரிக்கிறோமோ அது நீலம், எதை எண்ணுகிறோமோ அது பச்சை, பச்சையில் கூட்டுத்தொகை இருக்க வேண்டிய இடத்தில் சராசரி உட்கார்ந்திருக்கிறது, சராசரி யாருக்கு வேண்டும், ஞாயிற்றுக்கிழமை காலி வண்டியையும் திங்கட்கிழமை நெரிசலையும் ஒன்றாகக் கலக்கிக் காட்டவா? மாற்றினாள். அப்போதும் சரிவு போகவில்லை. கோட்டுக்குச் சிவப்பு வேறு பூசியிருக்கிறான், பார்க்கிறவன் பதறட்டும் என்று. தலையை நிமிர்த்தினாள், யாவோர் திரையைப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தான். என்ன சிரிப்பு? யாரைப் பார்த்து?

பதினெட்டு நின்றுபோனால் ஸ்தான்கா என்ன செய்வாள்... இருபது வருஷம் இதே தடத்தில் டிக்கெட் கிழித்தவள், எழுபத்து மூன்று வயது, வாரம் மூன்று நாள் புருஷனைக் கைத்தாங்கலாக ஏற்றி மேட்டு ஆஸ்பத்திரிக்கு ரத்தச் சுத்திகரிப்புக்குக் கூட்டிப்போகிறாள், டாக்சிக்குக் கொடுத்தால் ஓய்வூதியத்தில் மருந்துக்கு மிஞ்சாது. போன வாரம் பதினெட்டின் பின்சீட்டில் இவள் பக்கத்தில் உட்கார்ந்து, மார்ச்சில் கொடுத்த வெள்ளை அட்டையைக் காட்டி, "எழுபது தாண்டினவங்களுக்கு ஓசி அட்டைடி, ஆனா ஏறுறப்பல்லாம் ரெண்டு பேரும் மெஷின்ல ஒழுங்காத் தட்டுறோம். எங்களையும் எண்ணுறீங்கல்ல?" என்றாள். "உங்களை எண்ணாம வேற யாரை எண்ணப் போறோம்" என்று சிரித்தாளே இவள். மார்ச்... வெள்ளை அட்டையும் மார்ச், சரிவும் மார்ச். கை தானாக இடது ஓரத்துக்குப் போனது, வடிகட்டிகள் வரிசையில், தேதிக்கும் தடத்துக்கும் கீழே, சுருண்டு கிடந்தது மூன்றாவது ஒன்று. அட்டை வகை. விலக்கப்பட்டது: வெற்று. புது அட்டைக்கு இன்னும் யாரும் வகைப்பெயர் கொடுக்கவில்லை, அந்தக் கட்டம் காலியாகவே வருகிறது, காலியாக வந்தவர்களை எல்லாம் ஒரே சொடுக்கில் வெளியே தள்ளியிருக்கிறான், ஸ்தான்காவையும் அவள் புருஷனையும் சேர்த்து.

மாட்டினாயா. பெத்கோவுக்கு நாலு வரி தட்டினாள், 'வரைபடத்தில் முதியோர் வேண்டுமென்றே மறைக்கப்பட்டிருக்கிறார்கள், யாவோரிடம் விளக்கம் கேட்கவும்', வேண்டுமென்றே என்ற சொல்லை ஒரு தரம் அழித்தாள், திரும்பவும் போட்டாள், அனுப்பினாள். மணி பத்தே முக்கால். அந்த நேரம் பார்த்து அவன் தலையை நீட்டுகிறான்.

"அக்கா, சாக்லேட்டைத் தொடவே இல்லையே? சனிக்கிழமை என் பொண்ணு முதல் அடி வெச்சுட்டா. நம்ம வழக்கப்படி ரொட்டியை உருட்டிவிட்டு, பின்னால என்ன வேலைக்குப் போவான்னு பார்க்க சாமானெல்லாம் பரப்பி வெச்சோம், என்னத்தை எடுத்தா தெரியுமா? கால்குலேட்டர்."

"அவ தலையெழுத்தும் நம்ம ஆபீஸ்தான்" என்று வாய் சொன்னது. குழந்தை நடந்ததற்கா டப்பா... சரி, குழந்தை நடந்தால் என்ன, வடிகட்டியைப் போட்டது போட்டதுதானே, தேதியோடு காட்டிவிட்டால் வாயைத் திறக்க மாட்டான் என்று கோப்பின் பழைய பதிப்புகளைத் திறந்தாள். ஜூன், அந்த விலக்கு இருக்கிறது. மே, இருக்கிறது. மேயில்தான் அவன் இவள் கோப்பைப் படியெடுத்தான், அப்போது என்னவோ கேட்டானே... "அக்கா, உங்க ஃபில்டரெல்லாம் அப்படியே இருக்கட்டுமா?" என்று, இவள் காதில் போன், இந்த ஊர் வழக்கப்படி தலையை இடமும் வலமுமாக ஆட்டினாள், ஆமாம் ஆமாம், தொந்தரவு பண்ணாதே என்று. ஏப்ரல் பதினாலு. இருக்கிறது. சேமித்தவர்: ஸோர்னித்சா.

ஏப்ரலில் இவள் அட்டை வகைக்கு ஒரு கம்பமாக வரைந்துகொண்டிருந்தபோது பெத்கோவ் இவள் தோளுக்குப் பின்னால் நின்றார். "ஓரத்துல அது என்னம்மா, பேரே இல்லாம ஒரு சாம்பல் கம்பம்? மேயர் ஆபீசுக்குப் போற படம், பார்க்க அசிங்கமா இருக்கு." இவள் அந்தக் கம்பத்தின் மேல் சொடுக்கினாள், விலக்கு என்றாள், எல்லாத் தாள்களுக்கும் பொருந்தட்டுமா என்று மென்பொருள் கேட்டது, ஆகட்டும் என்றாள், பிறகு எழுந்து காபி வாங்கப் போனாள். இப்போது விலக்கை எடுத்தாள். சாம்பல் கம்பம் மற்ற எல்லாக் கம்பங்களையும் தாண்டி எழுந்தது, பக்கத்தில் சிவப்புக் கோடு சரிவே இல்லாமல் நேராக ஓடியது. பதினெட்டு பிழைத்தது, இதைக் காட்டினால் போதும், ஆனால் காட்டினால் யார் போட்டது என்று கேட்பார்கள், அவன் போட்டது என்று எழுதி அனுப்பியாயிற்று, பெத்கோவின் பெயருக்குப் பக்கத்தில் 'படித்துவிட்டார்' என்று வந்தும் ஆயிற்று. பழைய பதிப்பைத் திறந்து பார்க்க இந்த ஆபீசில் வேறு யாருக்குத் தோன்றும்... சீ, என்ன நினைப்பு இது.

"அக்கா, நேரமாச்சு, கூப்பிடுறாங்க" என்று யாவோர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான், இவள் முதலில் போகட்டும் என்று. மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். வரிசையில் இத்தனை வடிகட்டிகள் இருக்க, நேராக அந்த மூன்றாவதுக்கு எப்படிப் போனது இந்தக் கை? தேடியா போனது... தெரிந்தே போனதா?