கரையேறும் காட்சி

1949ஆம் வருஷம் சித்திரை மாதம், பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஆறுமுகநயினார் எறிந்த விடலைத் தேங்காய் உடையவில்லை. கல்லில் பட்டு, ஆள் உயரம் எழும்பி, அவர் கைக்கே திரும்பி வந்தது. பக்கத்தில் நின்றவர்கள் எறிந்த காய்களெல்லாம் வழக்கம்போலச் சிதறின. நயினார் சினிமா எடுக்கப் புறப்பட்டிருந்தார். அது படபூஜைக்கான காய். வேறொன்று வாங்கி எறிந்தார். அதுவும் திரும்பி வந்தது. வந்திருந்தவர்கள் சுண்டலை வாங்கிக்கொண்டு, மழை வரும்போலிருக்கிறது என்று பேசியபடி கலைந்தார்கள். தேங்காய்க் கடைக்காரர் மட்டும் தன் சரக்கில் குறையில்லை என்று சாயங்காலம் வரை போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து கிழக்கே கோட்டையில் ஜவுளிக்கடை வைத்த குடும்பம் நயினாருடையது. ஜவுளிக்காரருக்குச் சினிமாப் பைத்தியம் பிடித்ததென்றால் அதற்குக் காரணம் அக்கா உலகம்மை. தாயில்லாத் தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். கூடாரக் கொட்டகையில் ஊமைப்படம் ஓடும்போது, திரையில் வாயசைக்கிற ராஜாவுக்கும் ராணிக்கும் குதிரைக்கும் தானே வசனம் சொல்லி அவரைச் சிரிக்க வைத்தவள். நயினாருக்குப் பதினான்கு வயதானபோது, பொன்முடி அடிவாரத்துக் கல்லாற்றுக்குக் குடும்பத்தோடு குளிக்கப் போன இடத்தில், மலைவெள்ளம் வந்து அவளை அடித்துக்கொண்டு போனது. கரையிலிருந்து கை நீட்டினார். எட்டவில்லை. உடலும் கிடைக்கவில்லை. வாழ்நாளில் ஒரே ஒரு படம் எடுப்பது, அதில் அக்காவைக் காட்டுவது என்று அன்றே மனசுக்குள் முடிவு செய்துவிட்டார்.

கடை மாடியில் கதை விவாதம் நடந்தது. வசனம் எழுத வலியசாலை வெங்கடேஸ்வரன். பகலில் ஹஜூர் கச்சேரி என்கிற சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா, சாயங்காலம் கலைஞர். படம் பிடிக்க நெய்யாற்றின்கரை சத்தியதாஸ். எந்தக் காட்சியைச் சொன்னாலும் வெளிச்சம் எந்தப் பக்கம் என்று கேட்பவர். தேங்காய்க்குக் கதை விஷயத்தில் அபிப்பிராயம் உண்டு என்பதைக் கொஞ்ச நாளில் மூவரும் கண்டுகொண்டார்கள். மோசமான காட்சியை நினைத்து எறிந்தால் உயரமாக எழும்பியது. சுமாரான காட்சிக்கு முழங்கால் அளவு. கனவுப் பாட்டு ஒன்றுக்கு, எதிர்க் கடையின் ஓட்டுக் கூரையைத் தாண்டிப் போய் ஒரு நாள் கழித்துத்தான் வந்தது. இப்படி ஒவ்வொரு காட்சியாக எறிந்து பார்த்துத் திருத்தினார்கள். கல்யாணக் காட்சி சரியானபோது காயில் ஒரு கீறல்கூட விழுந்தது. ஆனால் கதாநாயகி ஆற்றோடு போகும் கடைசிக் காட்சியை எப்படி மாற்றி எழுதினாலும் காய் குதித்துக்கொண்டுதான் வந்தது. திரும்பிய காய்களை அரிவாளாலும் உடைக்க முடியாமல், நயினார் வீட்டுக் கட்டிலடியில் குவித்து வைத்தார்கள். ஊரும் பழகிக்கொண்டது. செவ்வாய், வெள்ளியில் அவர் எறியும்போது அந்தப் பக்கம் போகிறவர்கள் குடையை விரித்துக்கொண்டார்கள்.

வருஷம் நாலு போனது. ஒரு நாள் வெங்கடேஸ்வரன் பேனாவை மூடி வைத்துவிட்டு, அந்தப் பெண்ணைக் கரையேற்றிவிட்டால் என்ன என்று கேட்டார். நயினாருக்கு முகம் சிவந்துவிட்டது.

“நடந்ததை நடந்தபடிதான் எடுக்கணும் வே. எங்க அக்கா கரையேறல்ல. நான் கண்ணால கண்டது.”

“நடந்தது ஒமக்குத் தெரியும், அந்த ஆத்துக்கும் தெரியும். அதுக்கு எதுக்கு ஓய் ஒரு படம்? நடக்காமப் போனதுக்குன்னா படம் வேணும்.”

அதன் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. நயினாருக்கு வந்தது கோபமில்லை, பயம். கதாநாயகியைக் கரையேற்றிவிட்டால், அக்காவை மட்டும் ஆற்றில் தனியே விட்டுவிட்டு வந்ததுபோல் ஆகிவிடுமே என்று உள்ளுக்குள் அழுதுகொண்டிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை காலை தனியாகக் கோவிலுக்குப் போனார். கண்ணை மூடினார். வெள்ளத்தில் ஒரு கால் பாறையைத் தொட்டது, நின்றது, ஏறியது. எறிந்தார். தேங்காய் தூள் தூளாகிப் போனது. ஒரு சில்லு கரமனைக்குப் போகிற பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தது. கண்டக்டர் அதனிடம் டிக்கெட் கேட்கவில்லை. நயினார் நேரே வலியசாலைக்குப் போய், வெங்கடேஸ்வரனைக் கட்டிக்கொண்டார்.

கல்லாற்றில் படப்பிடிப்பு. கதாநாயகியாக நடித்த பகவதி, சொன்னபடியே தண்ணீரிலிருந்து ஏறி, புடவையைப் பிழிந்து, கேமராவைத் தாண்டி டீக்கடைப் பக்கம் நடந்தாள். நயினார் நிறுத்தச் சொல்லவில்லை. ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது அவளுக்குப் பின்னால் இன்னொருத்தியும் ஏறி வந்தாள். இருபத்தொரு வயசு, பழைய காலத்துக் கண்டாங்கிச் சேலை, காதில் பாம்படம்.

“சாரே, ஃபிலிம் ஓடிக்கிட்டே உண்டு. நிறுத்தட்டா?” என்றார் சத்தியதாஸ்.

பாறை வழுக்கி அவள் தடுமாறினாள். நயினார் கேமராவுக்கு முன்னால் ஓடி, முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கையை நீட்டினார். இந்தத் தடவை எட்டியது. கரைக்கு வந்தவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“ஏலே நயினா, உனக்கு எப்பம்ல நரைச்சுது?”

பிறகு உலகம்மை துண்டு வாங்கித் தலை துவட்டிக்கொண்டு, பகவதி பக்கத்தில் உட்கார்ந்து ஏத்தன்பழம் தின்றாள். நயினார் டீக்கடைச் சுவரில் சாய்ந்து, சந்தோஷத்தில் விக்கி விக்கி அழுதார். டீ ஆறிவிட்டதென்று கடைக்காரர் இன்னொன்று போட்டுக் கொடுத்தார். தணிக்கைக்காரர்கள், கடைசியில் வருகிற அந்த இரண்டாவது பெண் யார் என்று கேட்டார்கள். டைரக்டருடைய அக்கா என்றதும் சரி என்று விட்டுவிட்டார்கள். படம் நன்றாக ஓடியது. உலகம்மை முதல் காட்சியிலேயே, படம் பேசுகிறது என்று குறைப்பட்டுக்கொண்டாள். தான் பேச இடமில்லையாம்.

1956இல் நாஞ்சில் நாடு மதராஸோடு சேர்ந்த வாரத்தில், சினிமாக்காரர்கள் ஒரு கூட்டம் கூட்டித் தங்கள் தங்கள் படத்தை எப்படி உருவாக்கினார்கள் என்று பேசினார்கள். ஒருவர் நிழலைப் பற்றிப் பேசினார், ஒருவர் மௌனத்தைப் பற்றி. முடிவுக் காட்சியில் டைரக்டரே முதுகைக் காட்டிக்கொண்டு படத்துக்குள் நுழைவது புதுமையான உத்தி, அது எப்படித் தோன்றியது என்று நயினாரைக் கேட்டார்கள். கை எட்டுகிறதா என்று பார்க்கத்தான் நுழைந்தேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அன்று அவர் வீடு திரும்பியதும், இன்னும் இருபத்தொரு வயசுக்காரியாகவே இருந்த அக்கா, கட்டிலடியில் மிஞ்சியிருந்த கடைசித் தேங்காயை எடுத்து, அரிவாளின் பின்புறத்தால் ஒரு தட்டுத் தட்டினாள். இரண்டாகப் பிளந்தது. தண்ணீரைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, துவையலுக்குத் துருவ உட்கார்ந்தாள்.